முழங்கை உயரம்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். பகலில் எனக்குச் சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறையில் வேலை, மாலையில் வரைபட வகுப்பு. இருப்பதை முதலில் வரை, வரப்போவதைப் பிறகு வரை என்று வகுப்பில் சொல்வார்கள். எழுதும்போதும் அப்படியே செய்து பார்க்கிறேன். சரியாக வருமா தெரியவில்லை.

இருந்தது இதுதான். ஒருவர் வேலை செய்தால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகலான அறை. கோடியில் ஒரு ஜன்னல். அதன் கீழே சிங்க். சிங்க்குக்கு அடியில் பலகை தண்ணீரில் ஊறி, பாலில் போட்ட ரொட்டி மாதிரி உப்பி, ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு கதவு கீல் விட்டுப்போய், மடித்த அட்டையைச் செருகியதில் நின்றது. மேல் அலமாரிகள் மிகத் தாழ்வாகத் தொங்கின. அவற்றின் கதவு முனை ஒவ்வொன்றுக்கும் துண்டுத் துணிகளை அடுக்கித் தைத்து, குழந்தைக் குல்லாய் போல மாட்டியிருந்தார்கள். ஆனால் எங்கும் ஒரு பிசுக்கு இல்லை. எண்ணெய்ச் சட்டி வைக்கும் இடத்தில்கூட விரல் ஒட்டவில்லை.

அந்த வீட்டம்மா தையல்காரர். அளவாகப் படைத்த சின்ன உருவம், நோயில் இன்னும் சுருங்கியிருந்தது. தலையில் முடி கொட்டிய இடத்தை மறைக்கப் பூப்போட்ட துணி ஒன்றைக் கட்டியிருந்தார். சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவர் கணவர் நின்றார். நெடுந்தூர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நிலைக்கட்டையில் தலை தட்டும் உயரம். இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு.

“வாம்மா, பாத்து வா. தரை ஈரம்,” என்றார் தையல்காரம்மா. அவர் கணவரும் என் பின்னால் ஓரடி எடுத்து வைத்தார். “நீங்க எங்க வர்றீங்க? இன்னொரு தையல் போடணுமா நெத்தியில?”

“உள்ள வரலம்மா. வாசல்லதான் நிக்கறேன்.”

“கல்யாணமான நாள்லேருந்து வாசல்லயேதான் நிக்கறாரு. நாய் வளர்த்தாக்கூட இவ்வளவு காவல் இருக்காது.”

டிரைவர் சிரித்தார். அந்தக் கேலி பழகிய கேலி என்று தெரிந்தது. “நல்ல சாமானாப் போடுங்கம்மா,” என்றார் என்னிடம். “இவ ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் இதுதான். எந்திரிச்சு வந்து சமைக்க ஆரம்பிக்கறப்ப எல்லாம் புதுசா இருக்கணும்.”

தையல்காரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏங்க, அந்த வாந்தி மாத்திரை தீரப் போகுது. மழை வலுக்கறதுக்குள்ள வாங்கிட்டு வந்துடுங்களேன்,” என்றார்.

“இன்னும் ஒரு அட்டை இருக்கே.”

“ஒரு அட்டை எத்தனை நாளைக்கு?”

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை தையல்காரம்மா பேசவில்லை.

எங்கள் தொழிலில் சமையல் மேடையின் உயரத்தைச் சுவரில் எடுப்பதில்லை, சமைக்கிறவரின் முழங்கையில் எடுப்போம். கையை மடக்கி நிற்கச் சொல்லி, முழங்கைக்குக் கீழே நான்கு விரல் விட்டால் அதுதான் மேடை. கையைத் தூக்கச் சொன்னால் எட்டும் இடம்தான் மேல் தட்டு. நான் டேப்பை நீட்டிக்கொண்டு, “அம்மா, ஒரு நிமிஷம் நிக்க முடியுமா? முழங்கை அளவு எடுத்துடறேன்,” என்றேன்.

“என் முழங்கை எதுக்கு? அவரோடத எழுதிக்க.”

“ஐயா இப்பதானே வெளிய போனாரு.”

“அவரு நிக்கணுமா என்ன? சட்டை தைக்கறவ நான்.” கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். தரையிலிருந்து முழங்கை, தோள், நெற்றி. கை தூக்கினால் விரல் நுனி. நான் எழுதினேன். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினேன். “சரி,” என்றார்.

“ஐயா சமைப்பாரா அம்மா?”

“வெந்நீர் வெக்கத் தெரியாது. தப்பு அவருது இல்ல. இந்த வீட்டுக்கு வந்தப்ப என் உயரத்துக்கு மாட்டினது இதெல்லாம். இவரு உள்ள வந்தா மண்டை இடிக்கும். ஒரு தடவை ரத்தம் கொட்டினதுலேருந்து துரத்தித் துரத்தி வெளிய அனுப்பிட்டேன். போங்க, போங்கன்னு. இப்பப் பாரு.”

மழை வலுத்தது. ஜன்னல் சட்டத்தின் கீழே தண்ணீர் கசிந்து, சிங்க்கின் ஓரமாக இறங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எனக்கு அதிக நாள் இல்ல கண்ணு. டாக்டர் இவரத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. என்கிட்டயும் தனியாச் சொன்னாரு, நானே கேட்டேன். அதுலேருந்து ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணும் தெரியாத மாதிரி சுத்திட்டிருக்கோம்.”

நான் டேப்பைச் சுருட்டினேன்.

“நான் போனதும் எங்க பொண்ணு வந்து கூட்டிட்டுப் போயிடுவா. நல்லவதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அவ வீட்டுல கூடத்துலதான் இவருக்குப் படுக்கை. டிவி பாக்கறவங்க எந்திரிச்சாத்தான் இவரு படுக்க முடியும். கால நீட்டினா சுவத்துல முட்டும். பசிக்குதுன்னு வாயத் தொறந்து கேக்கற ஆளும் இல்ல. ரோட்டுலயே வாழ்ந்த மனுஷன், ஒரு மூலையில உக்காந்து யாராவது தட்டு நீட்டுவாங்களான்னு பாத்துட்டிருக்கக் கூடாது. இங்கயே இருக்கணும்னா தானாப் பொங்கித் தின்னத் தெரியணும். அதுக்கு இடுப்பு வளையாம நிக்க ஒரு எடம் வேணும். லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு போயிடுச்சு அவருக்கு.”

“அவருகிட்டயே சொல்லிட்டா என்னம்மா?”

“சொன்னா உன்ன வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாரு.”

டிரைவர் திரும்பி வந்ததும் மாதிரிப் பலகைகளைத் தரையில் பரப்பினேன். எந்தப் பலகை எதற்கு என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை பார்க்க வழவழவென்று இருக்கும், தண்ணீர் பட்டால் ஊதிவிடும். அதை மேலே வேண்டுமானால் போடலாம். சிங்க்குக்குக் கீழே தண்ணீர் தாங்கும் பிளைவுட்தான். வெட்டிய விளிம்பு எல்லாவற்றுக்கும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும், பின்பக்கம் உட்பட. ஏனென்றால் ஈரம் யாரும் பார்க்காத இடத்தில்தான் நுழையும். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். டிரைவர் பளபளக்கும் வெள்ளைப் பலகை ஒன்றை எடுத்து மனைவியின் முன்னால் பிடித்தார்.

“இது. ஒரு தடவை கடையில பாத்து ஆசைப்பட்டியே.”

“வெள்ளையா? யாரு தொடைக்கறது?”

“நீதான்.”

தையல்காரம்மா அந்த வெள்ளையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஈர மண் நிறத்தில், பளபளப்பில்லாத ஒன்றை எடுத்தார். “இதுதான். எண்ணெய் தெறிச்சாலும் தெரியாது. கைப்பிடி பெருசாப் போடு. நாலு விரலும் உள்ள போகணும்.”

“உன் விரலுக்கு இவ்வளவு பெருசா?”

“விரல்ல பலமில்ல. பிடிமானம் வேண்டாமா?”

அவர் உடனே ஒத்துக்கொண்டார். பெரிய கைப்பிடி என்று எழுதினேன். டிரைவரின் விரல்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தடித்தவை. அவை அந்தக் கைப்பிடிக்குள் போய்வருவதை என்னால் அப்போதே பார்க்க முடிந்தது.

“எப்படிப் பாத்துக்கணும்னு அவருகிட்டச் சொல்லும்மா,” என்றார் தையல்காரம்மா. “எனக்கு இப்பல்லாம் மறந்துபோகுது.”

நான் டிரைவரிடம் சொன்னேன். ஈரத்துணியால் துடைத்தால் உடனே காய்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். பாத்திரத்தை நன்றாக வடியவிட்டுத்தான் உள்ளே அடுக்க வேண்டும். கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. சூடான சட்டியை நேராக அலமாரித் தட்டில் வைக்கக் கூடாது. சிங்க்குக்குக் கீழே உள்ள கதவை அவ்வப்போது திறந்து வைத்துக் காற்றாட விட வேண்டும். கதவு ஒரு பக்கம் தொங்கினால் இழுத்து மூடாமல் கீலில் உள்ள திருகைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். தெரியாத ஊருக்கு வழி கேட்டவர்போலத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “அவ பாத்துப்பா,” என்றார்.

வரைபடத்தைப் பட்டறையில் கொடுத்தேன். வேறு வீடுகளுக்கு அளவெடுக்கப் போனேன். மழை நிற்கவே இல்லை. பலகைகள் காயாமல் வேலை தள்ளிப்போனது. ஒருவழியாக அந்த வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றும் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“அந்த டிரைவர் வீட்டுக்கு என்ன உயரம் எழுதியிருந்தே? யானைக்குட்டி சமைக்கற வீடா அது?”

“சரியாத்தான் எழுதினேன் ஐயா. அந்தம்மா சொன்னதுதான்.”

“அவரு போன் பண்ணாரு. அனுப்பின படத்தைப் பாத்துச் சுவத்துல குறிச்சுப் பாத்தாராம். வீட்டம்மாவுக்கு நெஞ்சு வரைக்கும் வருதாம். அவங்க முழங்கை அளவை அவரே எடுத்துச் சொன்னாரு. மாத்தி வெட்டியாச்சு.”

“ஐயா, அது அவருக்காக…”

“யாருக்காகவோ. வெட்டியாச்சும்மா. ஏறு வண்டியில.”

பொருத்தும் வேலைக்கு என்னோடு வந்தவரைப் பட்டறையில் ‘அவசரம்’ என்று கூப்பிடுவார்கள். அவரைவிட நிதானமான ஆள் அங்கே கிடையாது, அதனால் அந்தப் பெயர். வழியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் ரொம்ப தூரம் யோசித்தார். “ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லது பண்ணி நம்மளச் சாவடிக்கறாங்க தங்கச்சி,” என்றார்.

வீட்டில் மகள் வந்திருந்தார். அப்பாவின் உயரம், அம்மாவின் கண். தையல்காரம்மா முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். அவரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். மருந்துத் தூக்கம், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார் என்றார் மகள்.

பழைய அலமாரிகளைக் கழற்றினோம். ஒவ்வொன்றையும் இறக்கும்போது பின்னால் சுவர் கறுத்து, பூஞ்சை படிந்து தெரிந்தது. கரப்பான்கள் சிதறின. துணிக் குல்லாய்களை மகள் ஒவ்வொன்றாக உருவி ஒரு பையில் போட்டார். குப்பைக்கா, வைத்துக்கொள்ளவா என்று அவருக்கே தெரியாததுபோல அந்தப் பையை ஒவ்வொரு இடமாக மாற்றி வைத்தார். டிரைவர் எங்களோடு சேர்ந்து பலகை தூக்கினார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மறுபடி தூக்குவார். சந்தோஷமாக இருந்தார். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

கீழ் அலமாரிகளை வரிசையாக நிறுத்தி, அவசரம் சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மேலே தற்காலிகமாக ஒரு நீளப் பலகையைப் போட்டார். மேடைக்கான கல் மறுநாள்தான் வரும். மேல் அலமாரிகளைத் தரையில் நிறுத்தி, சுவரில் துளை போடக் குறித்துக்கொண்டிருந்தபோது, தையல்காரம்மா சுவரைப் பிடித்தபடி நடந்து வந்தார்.

“எந்திரிச்சுட்டியா? வா, வந்து பாரு,” என்றார் டிரைவர்.

அவர் பார்க்கவில்லை. பலகையின் முன்னால் வந்து நின்று கையை வைத்தார். முழங்கை தானாக மடங்கியது. உள்ளங்கை பலகையின்மேல் படிந்தது. அப்படியே நின்றார்.

“யாரு அளவு இது?”

“உன் அளவுதான். இந்தப் பொண்ணு ஒட்டகச்சிவிங்கிக்கு எழுதற மாதிரி எழுதிட்டுப் போயிருக்கு. படத்துல பாத்ததும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. இவ எப்படி இதுல நின்னு சமைப்பா? நல்லவேளை, நான் போன் பண்ணி மாத்தினேன். நீ தூங்கறப்ப உன் உள்ளங்கால்லேருந்து முழங்கை வரைக்கும் அளந்து எடுத்தேன், தெரியுமா?”

தையல்காரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நான் நின்னு சமைக்கப் போறேன்னு யாரு சொன்னா?”

“தெம்பு வந்தப்பறம்தான். இப்பவேவா சொன்னேன்.”

“ஏங்க.”

“மருந்து மாத்தியிருக்காங்கல்ல. கொஞ்ச நாள் போகட்டும், வாந்தி நிக்கட்டும்…”

“ஏங்க. டாக்டர் உங்களக் கூப்பிட்டு என்ன சொன்னாரோ அதையேதான் என்கிட்டயும் சொன்னாரு.”

அவசரம் ரசமட்டத்தைக் கீழே வைத்தார். டிரைவர் அதை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அதைக் கையில் படுக்கை வசமாகப் பிடித்து, உள்ளே நீர்க்குமிழி ஓடுவதைப் பார்த்தார்.

“எப்பலேருந்து தெரியும்?”

“உங்களுக்குத் தெரிஞ்ச அன்னைலேருந்து.”

“அப்ப எதுக்கு இதெல்லாம்? எதுக்குக் கப்போர்டு வேணும் கப்போர்டு வேணும்னு உயிர வாங்கினே?”

“உங்களுக்குத்தான்.”

“எனக்கா? நீ போனப்பறம் நான் இங்க நின்னு பொங்கித் தின்னு உயிரோட இருக்கணுமா?”

“ஆமா. இருக்கணும்.”

“போடி,” என்றார். ரசமட்டத்தை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனார். செருப்புப் போடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் எங்கள் வண்டியின் முன்சக்கரத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், சக்கரத்தில் காற்று குறைந்ததுபோல. மழை அவர் முதுகில் விழுந்தது.

மகள் நாற்காலியைக் கொண்டுவந்து அம்மாவை உட்காரவைத்தார். “ரெண்டு பேரும் தனித்தனியா எனக்குப் போன் பண்ணி அழுவீங்க. அவருகிட்டச் சொல்லாதேன்னு நீ. அவகிட்டச் சொல்லாதேன்னு அவரு. நடுவுல நான் என்ன பொம்மையா?”

“உன்ன யாருடி குறை சொன்னா?”

“நான் அப்பாவைப் பாத்துக்க மாட்டேனா? அப்படித்தானே இந்தக் கிச்சன் சொல்லுது? எங்க வீடு சின்னதுதான். சோறு இல்லையா?”

“சோறு இருக்கு. நீ போடுவே. அவரு கேக்க மாட்டாரு.”

“கேக்காமயே போடுவேன்.”

“உன் வேலை, உன் புள்ளைங்க, எல்லாத்துக்கும் நடுவுல போடுவே. எனக்குத் தெரியும். ஒரு நாள் லேட்டாகும். அன்னைக்கு அவரு சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. அந்த ஒரு நாளத்தான் என்னால நெனச்சுப் பாக்க முடியல.”

மகள் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. அவசரம் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

“அம்மா, ஒண்ணு சொல்றேன். இந்தக் கீழ்ப் பெட்டியெல்லாம் திருகுக் கால்ல நிக்குது. தண்ணி பட்டா பலகை ஊறக் கூடாதுன்னு அப்படி. காலத் திருகினா கொஞ்சம் ஏறும். அடியில கட்டை குடுத்தா இன்னும் கொஞ்சம் ஏறும். நீங்க முதல்ல சொன்ன அளவு வராது, கிட்ட வரும். மேல் பெட்டி இன்னும் மாட்டல, அது எங்க வேணாலும் போகும். ஆனா இன்னைக்கே சொல்லணும். நாளைக்குக் கல் ஏறிட்டா அப்பறம் அசைக்க முடியாது.”

“அவரு சொல்லட்டும்,” என்றார் தையல்காரம்மா.

வேலை நின்றது. மகள் ஒரு தட்டில் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அவசரம் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார். ஈரத் தரையில் மரத்தூள் கூழாகிக் கிடந்தது. நான் அதைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினேன்.

டிரைவர் உள்ளே வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. திருகுக் கால் விஷயத்தை அவசரம் அவரிடமும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு மனைவியிடம், “தூக்கினா உனக்கு எட்டுமா?” என்றார்.

“எட்டாது.”

“அப்ப வேணாம். இருக்கற மாதிரியே இருக்கட்டும்.”

“சரி. இருக்கட்டும். வந்து உருளைக்கிழங்கு சீவுங்க.”

“என்ன?”

“மூணு நாலு உருளைக்கிழங்கு. அதோ கூடையில இருக்கு. இந்த மேடையில நின்னு சீவித் துண்டு போடுங்க. எனக்கு எட்டற மேடைதானே, நல்லா இருக்கான்னு பாப்போம்.”

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். கூடையை எடுத்தார். மகள் கத்தி கொடுத்தார். அவர் பலகையின் முன்னால் நின்று குனிந்தார். குனிந்தது போதவில்லை. காலை அகட்டினார். தோலோடு பாதிக் கிழங்கும் சேர்ந்து போனது. கிழங்கு கையிலிருந்து வழுக்கி ஓடியது. அதைப் பிடிக்க இன்னும் குனிந்தார்.

“யாரு ஒட்டகச்சிவிங்கின்னு இப்பத் தெரியுதா?” என்றார் தையல்காரம்மா.

மகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். டிரைவரும் சிரிக்கப் பார்த்தார். இரண்டாவது கிழங்கில் பாதி வந்தபோது அவர் கை நின்றது. இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. ஒரு கையைப் பலகையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார். நெற்றியில் இருந்தது வியர்வையா மழைத் தண்ணீரா என்று தெரியவில்லை. தையல்காரம்மா நாற்காலியில் பாதி எழுந்துவிட்டார், பிறகு உட்கார்ந்தார். இப்போது சிரிப்பு இல்லை.

“இப்படித் தினமும் நிப்பீங்களா?” என்றார் மெல்ல. “நிக்க மாட்டீங்க. கடையில ரொட்டி வாங்கித் தின்னுட்டுப் படுத்துப்பீங்க. அப்பறம் அதையும் விட்டுடுவீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?”

டிரைவர் கத்தியைக் கீழே வைத்தார். சீவிய கிழங்கையும் சீவாத கிழங்கையும் பார்த்தார்.

“தூக்குங்க,” என்றார் அவசரத்திடம். அவ்வளவு சின்னக் குரலில் சொன்னார், அவசரம் ஒருமுறை என்னைப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

தூக்கும் வேலையை டிரைவரே செய்தார். சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, அலமாரிகளின் அடியில் கையை விட்டார். சக்கரம் மாற்றி மாற்றிப் பழகிய உடம்பு, படுத்த நிலையில் இடுப்பு வலி அவரைத் தொடவில்லை. “இது ஜாக்கி மாதிரிதானே,” என்றார். அவசரம் மறுகோடியில் படுத்தார். “ஒரு சுத்து நீங்க, ஒரு சுத்து நான். ஒரே பக்கமா ஏத்தினா மூட்டு பிளந்துக்கும்,” என்றார். பலகை முனகியது. நான் ரசமட்டத்தைப் பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சொன்னேன். கட்டைகளைச் செருகினோம். மறுபடி திருகினார்கள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, சாயங்காலம் ஆகவில்லை, மேகம்தான்.

தையல்காரம்மா நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேடை ஏற ஏற அவர் கழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. ஒரு கட்டத்தில் பலகையின் மேல் இருந்த கிழங்கு அவர் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும். “கிழங்கு உருண்டு விழப் போகுது, எடுங்க,” என்றார்.

மேல் அலமாரிகளை மாட்டினோம். முதலில் போட்ட குறிகளுக்கு வெகு மேலே. கதவுகளைப் பொருத்தித் திறந்து வைத்தபோது அவசரம் டிரைவரை உள்ளே நடக்கச் சொன்னார். அவர் வாசலில் தலையைக் குனிந்து, கையை நெற்றிக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் வந்தார். நடுவில் வந்ததும் கையை எடுத்தார். அவர் தலைக்கும் கதவுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. அங்கேயே நின்றார்.

“அப்பா,” என்றார் மகள். டப்பாக்களைக் கூடத்திலிருந்து எடுத்துவந்து ஒவ்வொன்றாக நீட்டினார். எதை எங்கே வைப்பது என்று தையல்காரம்மா நாற்காலியிலிருந்தே சொன்னார். டிரைவர் வைத்தார். அரிசி கீழே, கனமானதெல்லாம் கீழே. உப்பு கை நீட்டினால் வரும் இடத்தில். டீத்தூள் அதற்குப் பக்கத்தில்.

“நீயே ஒரு டப்பாவாவது வைம்மா,” என்றார் டிரைவர்.

“எனக்கு எங்க எட்டுது?”

அவர் அடுத்த டப்பாவை மகளிடமிருந்து வாங்கினார்.

அடுப்பைப் பலகையின்மேல் வைத்துக் குழாயை இணைத்தோம். “ஒரு டீ போடுங்க,” என்றார் தையல்காரம்மா. டிரைவர் போட்டார். நாங்கள் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். கொதிக்கும் முன்பே தூள் போடும் சத்தம் கேட்டது. அரைக் கிளாஸ் டீயை அவர் இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார். தையல்காரம்மா இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு வாய் குடித்தார்.

“என்ன இது? சட்டி கழுவின தண்ணியா?”

“குடிக்க முடியலையா?”

“தண்ணி கொதிக்கணும். கொதிச்சப்பறம் தூள். தூள் மேல வந்து கீழ இறங்கணும். அப்பறம்தான் பால். பால் ஊத்திட்டு அடுப்ப விட்டுப் போகக் கூடாது, பொங்கினா இந்தப் புதுப் பலகை இடுக்கெல்லாம் எறங்கும்.”

“சரி.”

“சர்க்கரை ஒரு ஸ்பூன்.”

“சரி.”

அந்தக் கிளாஸைத் திரும்ப வாங்கிக் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவி, மறுபடி அடுப்பில் வைத்தார். இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றார். முதுகு நேராக இருந்தது. தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருந்தார். தூள் மேலே வந்து கீழே இறங்குவதைக் குனியாமல் பார்த்தார். வாசனை எழுந்தது. நல்ல டீ என்று வாசனையிலேயே தெரிந்தது.

கிளாஸில் ஊற்றிக்கொண்டு திரும்பினார். தையல்காரம்மா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தலைத்துணி ஒரு பக்கம் சரிந்திருந்தது. மகள் எழுப்பப் போனார். டிரைவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

கிளாஸை மேடையில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஆவி அடங்கியது. மேலே மெல்லிசாக ஆடை படிந்தது. சுண்டுவிரலால் ஆடையை ஒதுக்கி எடுத்துவிட்டு, கிளாஸைத் தூக்கி, அங்கேயே நின்றபடி, அந்த டீயை அவரே குடித்தார்.